கட்டத்துக்குள் வராத போர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தின் பின்கட்டில் உட்கார்ந்து 160 அட்டைக் காய்களை வெட்டி எடுத்தோம். ஒவ்வொன்றும் அரை அங்குலச் சதுரம். பச்சை இந்திய அமைதிப்படை, சிவப்பு விடுதலைப் புலிகள், நீலம் இலங்கை அரசு, மஞ்சள் இந்தியாவின் பக்கம் நின்ற ஈழ இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பும் அதோடு நின்ற மற்ற இயக்கங்களும். ஈழத்தைப் பற்றி டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசும் நம் ஊரில், 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை இந்தியப் படை இலங்கையில் இருந்த அந்த இரண்டே முக்கால் வருடம் வந்தால் மட்டும் எல்லாரும் சட்டென்று அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவார்கள். அந்தப் போரை ஒரு வார்கேமாக மேசைமேல் விரித்து நாலு பேர் உட்கார்ந்து ஆடும்படி செய்ய முடியுமா என்று இரண்டு வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை, ஆனால் ஏன் முடியவில்லை என்பது இப்போது ஓரளவு புரிகிறது, அதை எழுதத்தான் இந்தப் பதிவு.

வார்கேம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வரைபடம், அதன்மேல் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள், படைப்பிரிவுகளாக அட்டைக் காய்கள், பகடை, 40 பக்கத்துக்கு ஒரு விதிப்புத்தகம். பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி 1824இல் சக அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க இப்படி ஒன்றைச் செய்து காட்டினார். கடையில் வாங்கி வீட்டில் ஆடும் பொருளாக அதை ஆக்கியவர் அமெரிக்காவின் சார்லஸ் ராபர்ட்ஸ். 1954இல் முதல் ஆட்டம், 1958இல் அவலான் ஹில் என்ற நிறுவனம். எனக்கு இது பிடிக்கக் காரணம் ஒன்றுதான். ஒரு போரைப் பற்றிப் படிக்கும்போது நடந்து முடிந்ததைத்தான் படிக்கிறோம். ஆடும்போது இன்னும் நடக்கவில்லை. அடுத்து என்ன செய்வது என்று அந்தத் தளபதியின் நாற்காலியில் உட்கார்ந்து நாமே முழிக்க வேண்டும், தப்பு செய்தால் அது நம் தப்பு. எங்கள் குழுவில் நாலு பேர், பத்து வருடமாக ஞாயிறு மாலைகளில் அஸ்தம்பட்டியில் ஒருவர் வீட்டு மாடியில் ஆடுகிறோம், தட்டுவடை செட்டு பொட்டலம் வரைபடத்தின் மேல் வரக்கூடாது என்பது மட்டும்தான் கறாரான சட்டம்.

எங்கள் அலமாரியைப் பார்த்தால் இந்தத் துறையின் குறை புரிந்துவிடும். பாதிக்கு மேல் இரண்டாம் உலகப் போர். 1944 டிசம்பரில் ஆர்டென் காட்டில் நடந்த பல்ஜ் போருக்கு மட்டும் எங்களிடம் மூன்று ஆட்டங்கள் இருக்கின்றன. மூன்றிலும் அதே பனி, அதே பஸ்தோன், அதே ஜெர்மன் டாங்குகளுக்கு அதே பெட்ரோல் தட்டுப்பாடு. அவலான் ஹில் தன் முதல் பல்ஜ் ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1965இல். அதே 1965 மார்ச்சில்தான் அமெரிக்க மரைன் படை வீரர்கள் வியட்நாமின் டா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். பையன்கள் அங்கே செத்துக்கொண்டிருந்தபோது வீட்டு மேசைகளில் அப்பாக்களின் போரை ஆடிக்கொண்டிருந்தார்கள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அப்பாக்களின் போரில் யார் நல்லவர் யார் கெட்டவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, முடிவும் தெரியும், வெற்றியும் நம் பக்கம். அந்த நிம்மதிக்குத்தான் ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள்.

மற்ற போர்களுக்கு ஆட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. எஸ்.பி.ஐ. என்ற நிறுவனம் 1972இல், வியட்நாமில் ஈஸ்டர் தாக்குதல் நடந்த அதே ஆண்டில், அதை ஆட்டமாகத் தன் பத்திரிகையோடு சேர்த்து வெளியிட்டது. நிக் கார்ப் 1984இல் வியட்நாம் போர் முழுவதையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தார், அதில் அமெரிக்கப் படையை எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவுக்கு ஊரில் மனவுறுதி இறங்கும். ஆனால் எண்ணிக்கையில் இவையெல்லாம் கடுகு. அல்ஜீரியா, செச்னியா, இராக், சோவியத் படை ஆப்கானிஸ்தானில் கிடந்த ஒன்பது வருடம் என்று தேட ஆரம்பித்தால் கை விரல்களை முழுதாக மடக்குவதற்குள் எண்ணிக்கை முடிந்துவிடும்.

ஏன் என்று கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது வியாபாரம். அதில் உண்மை உண்டு. இன்று இந்தத் துறையில் பெரிய பெயரான ஜி.எம்.டி., ஒரு ஆட்டத்துக்கு 500 முன்பதிவு சேர்ந்தால்தான் அச்சுக்குப் போகலாம் என்ற முறையில் நடக்கிறது. ஸ்டாலின்கிராடுக்கு 500 பேர் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுவார்கள். பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற போருக்கு யார் கட்டுவார்கள்? அப்புறம் பயம். 2004இல் இராக்கின் பலூஜா நகரில் நடந்த சண்டையை வீடியோ கேமாக வெளியிடப் போவதாக ஜப்பானின் கொனாமி நிறுவனம் 2009இல் அறிவித்தது. செத்தவர்களின் குடும்பங்கள் கொதித்தன, சில வாரத்திலேயே கொனாமி கையைக் கழுவிவிட்டது. வேறு ஆட்கள் எடுத்துச் செய்து அது முதல் வடிவத்தில் விற்பனைக்கு வந்தது 2023இல்தான், அதாவது 14 வருடம் கழித்து. 2019இல் ஜி.எம்.டி.யே ஆப்பிரிக்காவை ஐரோப்பியர்கள் பங்குபோட்டதைப் பற்றிய ஒரு ஆட்டத்தை, விஷயத்தை மேலோட்டமாகக் கையாள்கிறது என்ற எதிர்ப்பு வந்ததும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அதே நிறுவனம்தான் ஆப்கன் போர் நடந்துகொண்டிருந்தபோதே அதைப் பற்றிய ஆட்டத்தை 2013இல் போட்டது, யாரும் அதைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. ஆக, தலைப்பைத் தொட்டாலே சுடும் என்பது முழு உண்மையில்லை.

எனக்கு இந்த இரண்டு காரணத்தையும்விடப் பெரியதாகத் தெரிவது வேறு. நாம் பழகிய ஆட்ட வடிவத்துக்குள் இந்தப் போர்கள் உட்காராது. அறுகோணக் கட்டம் என்பது முன்னரங்கு இருக்கிற போருக்கானது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ, நடுவில் கோடு, கோடு நகர்ந்தால் வெற்றி. கோடே இல்லாத இடத்தில், காலையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர் ராத்திரி வேறு ஆளாக மாறும் இடத்தில், அந்தக் கட்டத்தில் எதை வைப்பது? எதிரி காயை எடுத்தால் வெற்றிப்புள்ளி என்று எழுதினால், ஆடுகிறவர் காயை எடுத்துக்கொண்டேதான் இருப்பார். வியட்நாமில் அமெரிக்கத் தலைமை உண்மையிலேயே பிணக்கணக்கை வைத்துத்தான் முன்னேற்றத்தை அளந்தது, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, போர் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. விதி தப்பாக இருந்தால் ஆட்டம் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொடுக்கும்.

இந்த இடத்தில் எனக்கு எங்கள் ஆத்தா ஊர் கோயில் மண்டபம் ஞாபகம் வரும். கல் தரையில் செதுக்கிய ஆடு புலி ஆட்டக் கோடுகள், தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளி. புலி தாண்டி ஆட்டை எடுக்கலாம், ஆட்டால் எதையும் எடுக்க முடியாது, நகர இடமில்லாமல் புலியை அடைக்க மட்டும்தான் முடியும். இரண்டு பக்கமும் சமமில்லை, இரண்டு பக்கத்துக்கும் ஜெயிப்பது என்றால் ஒரே பொருளும் இல்லை. நாலு ஆட்டை வெட்டிவிட்ட சந்தோஷத்தில் இருக்கும் புலி, இன்னும் இரண்டு நகர்த்தலில் தான் அடைபடப் போகிறோம் என்பதைக் கவனிக்காது. ஆத்தா எப்போதும் ஆடுதான் எடுக்கும், நான் எப்போதும் தோற்பேன். பலமான படை ஊருக்குள் போய்ச் சிக்கிக்கொண்ட கதைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கல் தரைதான் கண்ணில் வரும்.

2012இலிருந்து ஜி.எம்.டி. வெளியிட்டுவரும் கிளர்ச்சி எதிர்ப்புப் போர் வரிசை இந்தச் சூட்சுமத்தைத்தான் பிடித்தது. தொடங்கி வைத்தவர் வோல்கோ ருன்கே, சி.ஐ.ஏ.வில் பகுப்பாய்வாளராக வேலை பார்த்தவர். கொலம்பியா, கியூபா, ஆப்கானிஸ்தான், அல்ஜீரியா, 2019இல் நம் காந்தி காலத்து இந்தியா வரை வந்திருக்கிறது. எங்கள் குழுவில் அதிகம் ஆடியது வியட்நாம் பற்றிய ஃபயர் இன் தி லேக், ருன்கேயும் மார்க் ஹெர்மனும் சேர்ந்து செய்தது, 2014. அதில் நாலு தரப்பு. அமெரிக்காவும் தென் வியட்நாம் அரசும் நண்பர்கள், ஆனால் அமெரிக்கா ஜெயிக்க இரண்டு கணக்கைக் கூட்ட வேண்டும்: மக்களிடம் அரசுக்கு எவ்வளவு ஆதரவு, தன் படையில் எவ்வளவு திரும்பி வந்து போருக்கு வெளியே நிற்கிறது. தென் வியட்நாம் அரசு ஜெயிக்க வேண்டுமானால் கட்டுப்பாட்டில் எவ்வளவு ஜனம், தன் ஆட்களுக்கு எவ்வளவு ஒதுக்கிக்கொண்டது என்பதைக் கூட்ட வேண்டும். அதாவது அமெரிக்கா கொண்டுவந்து கொட்டும் உதவியை உறிஞ்சினால்தான் அதன் கூட்டாளி ஜெயிக்க முடியும். முதல் தடவை ஆடியபோது எங்கள் குழுவில் இரண்டு பேர், 15 வருடச் சிநேகிதர்கள், ஒரே அணியில் உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் ஒருவரை ஒருவர் முறைக்க ஆரம்பித்துவிட்டார்கள். வியட்நாம் பற்றி நான் படித்த எதுவும் அந்த உறவை இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை. நிறையப் பேருக்குப் பிடிக்காத, வெட்கப்படுகிற போர்களுக்குத்தான் ஆட்டம் அதிகம் தேவை என்று நான் நினைக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். பல்ஜ் போரில் புரிந்துகொள்ள இனி என்ன மிச்சம் இருக்கிறது?

நம் நாட்டுப் போர்களிலும் இதே கதைதான். 1971 எல்லாருக்கும் பிடித்த போர், டிசம்பர் 16, சரணடைந்த 93,000 பேர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கார்கில் தெரியும். 1962 சீனப் போருக்கு வந்தால், ஏன் தோற்றோம் என்று ராணுவமே ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்றுவரை வெளியிடவில்லை, பிரிட்டிஷ் பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் 2014இல் ஒரு பகுதியை இணையத்தில் போட்டதால் கொஞ்சம் தெரியும். 1966 மார்ச்சில் நம் விமானப்படையே மிசோரமின் ஐசால் நகரில் குண்டு போட்டது எத்தனை பேருக்குத் தெரியும்? அப்புறம் இந்திய அமைதிப்படை.

சேலத்துக்காரனாக இருந்துகொண்டு அதை எங்கோ கடலுக்கு அப்பால் நடந்தது என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திய அரசே தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சி கொடுத்தது. மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர்ப் பக்கம் புலிகளின் பயிற்சி முகாம் இருந்தது, அந்த இடத்துக்குப் புலியூர் என்றே பேர் நின்றுவிட்டது. நம் மாவட்டத்தில் பயிற்சி எடுத்துப் போனவர்களும், நம் மாவட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களும் சில வருடத்தில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் எதிரெதிரே நின்றார்கள். அந்தச் சண்டைக்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் தப்பித்து வந்த குடும்பங்கள் பவளத்தானூர், குறுக்குப்பட்டி என்று நம் மாவட்டத்து முகாம்களிலேயே முப்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். ஒரே போரின் மூன்று முனையும் ஒரு டவுன் பஸ் தூரத்தில்.

போரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 ஜூலை 29 ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனவும் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்கப் போன படைக்கு முதல் இரண்டு மாதம் யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்பு. செப்டம்பரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். அக்டோபர் 5, கடலில் பிடிபட்ட புலிகளில் 12 பேர் சயனைடு கடித்துச் செத்தார்கள். ஒரு வாரத்துக்குள்ளேயே போர். அக்டோபர் 11 இரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய சீக்கிய காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அதே மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் இந்திய வீரர்கள் சுட்டதில் டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று எத்தனையோ பேர். உச்சத்தில் நாலு டிவிஷன் அங்கே இருந்தது. 1989இல் புது ஜனாதிபதி பிரேமதாச இந்தியப் படையை வெளியே போகச் சொன்னார், போகவைக்கப் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். தெற்கே சிங்கள இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. வேறு இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தே கிளர்ச்சி செய்துகொண்டிருந்தது. 1990 மார்ச் 24 கடைசிப் படை திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் செத்திருந்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு முதல்வர் கருணாநிதி போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. பரம்வீர் சக்ரா வாங்கிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் தமிழர்தான், அதே போரில்தான் 1987 நவம்பரில் செத்தார்.

இதில் யார் பக்கம் ஆடுவது? புலிகள் 1986இலேயே டெலோ என்ற இன்னொரு தமிழ் இயக்கத்தின் தோழர்களைத் தெருவில் வைத்துச் சுட்டவர்கள். இந்தியப் படை காப்பாற்றப் போன ஜனத்தையே சுட்டது. இலங்கை அரசு தன் எதிரிக்கே துப்பாக்கி கொடுத்தது. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கை சுத்தமாக எழுந்திருக்க முடியாது. இதனால்தான் யாரும் தொடுவதில்லை, எனக்கோ இதனால்தான் தொட வேண்டும் என்று தோன்றுகிறது. கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்கள் பேசும்போது கடைசியில் மிஞ்சுவது துரோகி, தியாகி என்ற இரண்டே சொல்தான். அந்த இரண்டு சொல்லை வைத்து அந்தக் காலத்தில் ஒருவர்கூட ஒரு முடிவும் எடுக்கவில்லை. பயத்தில் எடுத்தார்கள், அவசரத்தில் எடுத்தார்கள், டெல்லியிலிருந்து போன் வந்ததால் எடுத்தார்கள்.

முதல் வடிவத்தில் பொதுமக்களுக்கு வெள்ளைக் காய் வைத்திருந்தேன், 40 காய். சண்டை நடக்கும் கட்டத்தில் அவை இருந்தால் நகர்த்த வேண்டும், நகர்த்தாவிட்டால் இழப்பு, இழப்புக்கு ஏற்பத் தமிழ்நாட்டு மனநிலை என்ற அளவுகோல் இறங்கும். தாளில் நன்றாகத்தான் இருந்தது. அச்சகத்தில் டை கட்டிங் பார்க்கும் தம்பி முகாமில் பிறந்தவர், அவர் அம்மா 1990இல் படகில் வந்தவர். பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் சத்தமில்லாமல் வெட்டிக் கொடுத்தார். வெள்ளை அட்டை வந்ததும் இது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டார்.

“எங்கம்மாவ அட்டையில வெட்டச் சொல்றீங்களாண்ணா?”

நான் விளக்க முயன்றேன், பொதுமக்கள் இல்லாமல் இந்தப் போரைக் காட்டினால் அது பொய்யாகிவிடும் என்றெல்லாம். அவர் கோபப்படவில்லை. மற்றதெல்லாம் வெட்டித் தருகிறேன், இதை மட்டும் என் கையால் வேண்டாம் என்றார். போகும்போது, இதை விளையாட்டு என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னார். அந்தச் சொல்லைப் பற்றி அதுவரை நான் யோசித்ததே இல்லை. நம் மொழியில் ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்றால் நிஜமில்லை என்று அர்த்தம். பிள்ளை விளையாட்டுத்தனமாக இருக்கிறான் என்றால் பொறுப்பில்லை என்று அர்த்தம். நான் ஒரு போரை மிகப் பொறுப்பாக யோசித்துப் பார்க்கச் செய்யும் ஒன்றைச் செய்துகொண்டு, அதற்குப் பொறுப்பில்லாமை என்ற பொருள் வரும் சொல்லையே பேராக வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஆட்டம் என்றுதான் சொல்கிறேன். அது மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது.

வெள்ளைக் காய் போய்விட்டது. இப்போது ஜனங்கள் வரைபடத்திலேயே இருக்கிறார்கள், ஒவ்வொரு பகுதியிலும் ஊர்ப் பெயருக்குக் கீழே. யாரும் அவர்களை எடுக்கவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. ஒரு பகுதியில் சண்டை நடந்தால் அந்தப் பகுதியின் மேல் ஒரு சாம்பல் நிறத் துணித்துண்டு விழும், விழுந்தது ஆட்டம் முடியும்வரை அங்கேயே கிடக்கும். அதன்பிறகு அந்த ஊர் எந்தத் தரப்புக்கும் எந்தத் தகவலும் சொல்லாது. சண்டை போட்டு ஜெயித்த இடமெல்லாம் ஊமையாகிக்கொண்டே வரும். இந்த ஒரு மாற்றத்தால் ஆட்டமே வேறாகிவிட்டது, பழைய வடிவத்தைவிடப் பல மடங்கு உண்மையாக இருக்கிறது, அதற்குக் காரணம் அந்தத் தம்பி.

ஆட்டத்தை மாற்றிய இரண்டாவது ஆள் என் பெரியப்பா. ஏற்காட்டில் ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறியிருக்கும் ஒரு சின்ன காப்பித் தோட்டத்தில் இருக்கிறார். மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்தவர், 1987 கடைசியில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமானத்தளத்தில் இறங்கி 1989 நடுவில் திரும்பியவர். அந்தப் போரைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் சின்ன வயதிலிருந்து கேட்டதில்லை. வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனபோது, வேண்டாம் என்றால் காட்டாமலே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விரித்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். எந்தப் பக்கமும் ஆட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பலாலி ரோட்டை விரலால் தடவி, நான் வளைத்திருந்த ஒரு இடத்தை நேராக்கச் சொன்னார். அப்புறம் பச்சைக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “இதுல தமிழ் தெரிஞ்ச ஆளு யாரு கண்ணு?” என்றார்.

யாரும் இல்லை. காயில் பலம், வேகம் என்று இரண்டு எண்தான் இருக்கிறது.

அவர் சொன்னார், சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். “வேற பட்டாலியன் கூட என்னைய மொழிபெயர்க்க அனுப்புவாங்க. வடக்கத்திப் பசங்களுக்கு ஒண்ணும் புரியாது, சோதனை போட்டுட்டு வந்துருவாங்க. எனக்குப் புரியும் பாரு, அதுதான். ஒரு வீட்ல மூணு கெழவிங்க மண்ணை வாரித் தூத்தித் திட்டறாங்க. நீயெல்லாம் தமிழனாடான்னு. என்ன சொல்றாங்கன்னு மேஜர் கேட்டாரு. தண்ணி வேணுமான்னு கேக்கறாங்க சார்னு சொல்லிட்டேன்.”

பெரியம்மா உள்ளே காப்பி ஆற்றும் சத்தம் நின்றுவிட்டது. அவரும் இதை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்கிறார் என்று அப்புறம் தெரிந்தது.

இறங்கி வந்து இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு புதுக் காய் செய்தேன். தமிழ் தெரிந்த ஜவான், இந்தியத் தரப்புக்கு மூன்றே மூன்று. சண்டையில் பலம் பூஜ்யம். அவர் இருக்கும் பகுதியில் சோதனை நடந்தால், ஆடுகிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்டதை அப்படியே மேலே சொல்லலாம், மறைந்திருக்கும் ஒரு சிவப்புக் காய் வெளியே வரும், அந்தப் பகுதியில் வெறுப்பும் ஏறும். அல்லது தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்று சொல்லலாம், எதுவும் வெளியே வராது, வெறுப்பும் ஏறாது. போன ஞாயிறு ஆடியபோது இந்தியத் தரப்பில் உட்கார்ந்த நண்பர் அந்தக் காயைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார், மற்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

பெரியப்பா கேட்ட இன்னொரு கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. இந்தியா எப்படி ஜெயிக்கும் என்று கேட்டார். வியட்நாம் ஆட்டத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட கணக்கைச் சொன்னேன். ஊர்களில் எவ்வளவு அமைதி, உயிரோடு எத்தனை படைப்பிரிவு நம் ஊருக்குத் திரும்பியது, இரண்டையும் கூட்டினால் வருவதுதான் மதிப்பெண். அவர் பச்சைக் காய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரைபடத்துக்கு வெளியே, மேசை ஓரத்தில் வைத்தார்.

“அப்ப போகாமயே இருந்திருந்தா?”

என் விதிப்படி ஆட்டம் 1987 ஜூலை 30ஆம் தேதி தொடங்கும், முதல் படை ஏற்கனவே இறங்கியிருக்கும். அந்தத் தேதியை நான்தான் தேர்ந்தெடுத்தேன், வசதிக்காக. போவதா வேண்டாமா என்ற முடிவை ஆடுகிறவரிடம் நான் கேட்கவே இல்லை. அதைச் சொல்லிக்கொண்டு எழுந்தபோது அவர் ஒன்றும் பேசாமல் மிளகு காயப்போட்டிருந்த சாக்கைத் திருப்பிப்போடப் போய்விட்டார்.

இப்போது தொடக்கத்துக்கு முன் ஒரு சுற்று சேர்த்திருக்கிறேன். ஜூன் 4, யாழ்ப்பாணத்துக்கு மேல் நம் விமானங்கள் உணவுப் பொட்டலம் போட்ட நாள். அங்கிருந்து ஆரம்பம். இந்தியத் தரப்பு எத்தனை படைப்பிரிவை அனுப்புவது என்று ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும், பூஜ்யமும் எழுதலாம். பூஜ்யம் எழுதினால் யாழ்ப்பாணத்தில் சாம்பல் துணி விழுவதை இலங்கைப் படை தானே தொடங்கிவைக்கும், வடமராட்சியில் மே கடைசியில் அது தொடங்கியிருந்ததும் உண்மைதானே. அதற்கான விதி இன்னும் முழுதாக எழுதி முடியவில்லை. வர்ற ஞாயிறு மேலே போய்ப் பெரியப்பா வீட்டு வராண்டாவிலேயே ஆடிப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அச்சகத்துத் தம்பியையும் கூப்பிட்டிருக்கிறேன். ஆட மாட்டேன், வேண்டுமானால் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.